கல்லக்குடிக் கல்

திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் தரைக்கடியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். அது பிறந்த இடம் கடல். ஆழமில்லாத, வெயில் அடிவரை இறங்கிய கடல். பவள உயிர்களும் சுண்ணாம்பைச் சேர்த்துவைக்கும் பாசிகளும் கூடு கட்டி, மடிந்து, அந்தக் கூட்டின்மேலேயே அடுத்த தலைமுறை கட்டி, இப்படி எழும்பிய திட்டுதான் இன்று உடைபட்டு லாரியில் ஏறுகிறது. இப்போது கடலைப் பார்க்க வேண்டுமானால் கல்லக்குடிக்காரர்கள் கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

நம் பள்ளிப் பாடங்களில் இந்தக் கல் பல இடங்களில் தலைகாட்டுகிறது. அறிவியலில் அது கால்சியம் கார்பனேட். புவியியலில் படிவுப் பாறை. தொழில்களைப் பற்றிய பாடத்தில் சிமெண்டின் மூலப்பொருள். தமிழக அரசியலின் வரலாற்றைப் பேசும்போது கல்லக்குடிப் போராட்டம். வேறு வேறு மாதங்களில், வேறு வேறு ஆசிரியர்கள் வந்து இவற்றை நடத்திவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றிலும் வருவது ஒரே கல் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எந்தப் பாடவேளையிலும் இடமில்லை. அந்தக் கல் போன வழியையே பிடித்துக்கொண்டு பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனால், அறிவியல் எங்கே முடிந்தது, சமூக அறிவியல் எங்கே தொடங்கியது என்ற கேள்விக்கே வேலையிருக்காது. இதை நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே கல்லின் கதையை, அது நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கோண்டுவானா என்ற தென்பெருங்கண்டம் பிளந்து, இந்தியாவும் அண்டார்டிகாவும் விலகத் தொடங்கிய காலம். இன்று காவிரிப் படுகை என்று நாம் சொல்லும் பகுதியில் நிலம் விரிசல் கண்டு தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் ஏறியது. மேற்கே மிகப் பழைய பாறைகள் கரையாக நின்றன. நம் நிலம் அப்போது பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதொலைவில் இருந்தது. பூமி இன்றைக்கு இருப்பதைவிட வெப்பமாகவும், கடல்மட்டம் உயரமாகவும் இருந்த நாட்கள் அவை. அந்தக் கரையை ஒட்டித்தான் பவளத்திட்டு வளர்ந்தது. பிறகு கடல் ஆழமாகிவிட, வண்டல் வண்டலாகக் களிமண் இறங்கித் திட்டை மூடியது.

மூடிய அந்தக் களிமண்ணைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கல்லக்குடிக்குச் சற்று வடக்கே, பெரம்பலூர் மாவட்டத்தில், காரை, கொளக்காநத்தம் என்ற ஊர்களுக்குப் பக்கத்தில் அது பரந்து கிடக்கிறது. மரமில்லை, நிழலில்லை. மழைநீர் அரித்து அரித்து மேடும் பள்ளமுமாக ஆக்கிய வெளிறிய நிலம். குனிந்து பார்த்தபடி நடந்தால் வெயிலில் ஜிப்சம் தகடுகள் மின்னும். அவற்றுக்கு நடுவே சுருள் சுருளான அம்மோனைட் துண்டுகள், தோட்டா வடிவத்தில் பெலம்னைட்டுகள், சிப்பி ஓடுகள். அம்மோனைட்டும் பெலம்னைட்டும் கணவாய் மீனின் தூரத்துச் சொந்தங்கள். அம்மோனைட்டுகள் டைனோசர்களோடு சேர்ந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூண்டற்றுப் போயின. கணவாயின் சொந்தக்காரனுக்குச் சின்ன வெங்காயம் விளையும் ஊரில் என்ன வேலை என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றால் போதும். அங்கே நடக்கும் வாதத்தைப் போல் ஒரு வாதம் வகுப்பறையில் நடந்து நான் கண்டதில்லை. பிரளயம் வந்திருக்கும் என்பான் ஒருவன். யாராவது தின்றுவிட்டுப் போட்டிருப்பார்கள் என்பாள் ஒருத்தி. ஓடு மண்ணுக்கு மேலே கிடக்கிறதா, மண்ணுக்குள்ளிருந்து வெளியே வருகிறதா என்று பார்க்கச் சொன்னால், இருவரும் தங்கள் பதிலைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். அறிவியல் முறை என்று புத்தகம் சொல்வது அந்தத் திருத்தத்தைத்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். இந்தப் புதைபடிமங்களைப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் படிமத்தின் செய்தி பாதிக்குமேல் இருக்கிறது. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் அழகான கல். ஒவ்வொரு பள்ளியும் ஆளுக்கொன்று எடுத்தால் சில ஆண்டுகளில் காரையில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. நோட்டில் வரையட்டும், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கட்டும், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரட்டும். கிட்டத்தில் வைத்துப் பார்க்க அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இதற்கென்றே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. போகும் மாதத்தையும் யோசித்துக்கொள்ள வேண்டும். தை, மாசி நல்லது. ஐப்பசி மழையில் அந்தக் களி காலை விடாது. சித்திரை வெயிலில் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள்.

களிமண்ணுக்கடியில் கிடந்த கல் அதன் பிறகு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்தது. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து, பூமத்திய ரேகையைக் கடந்து, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவின்மேல் மோதி, இமயத்தை எழுப்பியது. அந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் அம்புக்குறி போட்ட வரைபடத்தைப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். கல்லக்குடிக் கல் அதே வண்டியில் தூங்கியபடியே வந்திறங்கிய பயணி என்று சொன்னால் அந்த அம்புக்குறிக்கு உயிர் வருகிறது. வண்டி இன்னும் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கடல் பின்வாங்கியதும் அதன் படிவுகள் மண்ணாயின. பஸ்ஸில் போகும்போதே இதைப் பார்த்துவிடலாம். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் செம்மண்ணும் முந்திரித் தோப்பும். தெற்கே கொள்ளிடம் தாண்டினால் வண்டலும் நெல்லும். அடியில் என்ன பாறையோ அதற்கேற்ற மண், மண்ணுக்கேற்ற வெள்ளாமை, வெள்ளாமைக்கேற்ற சந்தை, கடன், கூலி. ஜன்னல் ஓரத்துப் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மண்ணின் நிறத்தையும் பயிரையும் குறித்துவந்தால், மாலையில் அவர்கள் கையிலேயே ஒரு மாவட்ட வரைபடம் இருக்கும். அதை அச்சடித்த மண்வள வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடப் பெரிய பரிசு வேறு கிடையாது.

பிறகு படிமங்களைத் தேடி மனிதர்கள் வந்தார்கள். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பகுதிகளில் படிமங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் அவற்றை ஆராய்ந்து 1846இல் எழுதினார். நிலக்கரி தேடும் தேவையிலிருந்து பிறந்த இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கியது. அத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதி முழுவதையும் அளந்து, பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். ஊட்டத்தூர் இன்றும் ஒரு சிறிய கிராமம்தான். அதன் பெயரை உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் புவியியலாளர்கள் அறிவார்கள். படிமங்களை ஒவ்வொன்றாக விவரித்துத் தொகுதி தொகுதியாக எழுதியவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1874இல், யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தில் நோயுற்று இறந்தார். அப்போது அவருக்கு 40 வயதுகூட ஆகவில்லை.

கதையின் இந்தப் பகுதியைச் சமூக அறிவியல் ஆசிரியர் கையில் எடுக்க வேண்டும். படிமங்கள் ஏன் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் போயின? அளந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் எதைத் தேடினார்கள்? எந்த ஓடையில் எது கிடைக்கும் என்று வழிகாட்டியவர்கள் யார், பெட்டிகளைச் சுமந்தவர்கள் யார்? காலனி ஆட்சியைப் பற்றிய பாடம் வெறும் போர்களும் வைஸ்ராய்களுமாக இல்லாமல், காலடியில் கிடக்கும் சிப்பிக்கும் அதில் பங்குண்டு என்று இங்கேதான் தெரியவருகிறது.

சிமெண்ட் வருவதற்கு முன்பும் நம் மக்களுக்குச் சுண்ணாம்பு தெரியும். காளவாயில் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீற்றி, வெற்றிலைக்குத் தடவினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைத்துக் கட்டடம் எழுப்பினார்கள். வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டு வரச் சொன்னால் பிள்ளைகள் கொண்டுவரும் செய்திகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காதவை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிப்பதேன் என்ற கேள்வி வெப்ப உமிழ் வினை என்ற பாடத்துக்கு நேராகக் கூட்டிப்போகும். செய்து காட்டுவதானால் ஆசிரியர்தான் செய்ய வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும்.

1904இல் சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் செய்யும் முயற்சி நடந்தது. அது நிலைக்கவில்லை. 1939இல் டால்மியா குடும்பத்தார் கல்லக்குடியில் சிமெண்ட் ஆலை தொடங்கினார்கள். ஆலை வந்தது, கூடவே ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்ற பெயரும் வந்தது. பத்துக் கோடி ஆண்டுக் கல்லின் வாழ்வில் முதல் தடவையாக அரசியல் நுழைந்த இடம் இது.

1953 ஜூலை 15. திராவிட முன்னேற்றக் கழகத்தின் மும்முனைப் போராட்டம். ஒரு முனை இந்தப் பெயர். கல்லக்குடி என்றே இருக்க வேண்டும் என்று கோரி மு. கருணாநிதியும் தோழர்களும் நிலையப் பலகையின்மேல் கல்லக்குடி என்ற தாளை ஒட்டி, தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். கைது, தடியடி, துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. நிலையம் பின்னாளில் கல்லக்குடி பழங்காநத்தம் ஆனது.

மற்றொரு முனையைத்தான் நான் இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன். அது கல்வி. முதலமைச்சர் ராஜாஜி அந்த ஆண்டு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளில் மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர்பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, காமராஜர் முதலமைச்சரானதும் 1954இல் அது கைவிடப்பட்டது.

கல்லக்குடியில் நின்றுகொண்டு இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வர முடியாது. வகுப்பறைக்கு வெளியே கல்வி என்று இன்று நாம் ஆர்வத்தோடு பேசுகிறோம். தமிழ்நாட்டில் அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு நினைவு இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்புவது என்றால், அவன் அப்பன் செய்த வேலைக்கே திருப்பி அனுப்புவது என்று பொருள்பட்ட ஒரு காலம் இருந்தது. கல் உடைப்பவர் மகன் கல் உடைக்கவே கற்றுக்கொள்வது ஒன்று. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அந்தக் கல்லின் முன் நின்று, அது எப்படி உண்டானது, அதை உடைப்பவருக்கு என்ன கூலி, அந்தக் கூலியை யார் முடிவுசெய்கிறார்கள் என்று கேட்பது வேறொன்று. களப்பயணம் இந்த இரண்டாவதாக இருந்தால்தான் அதற்கு நான் துணை நிற்பேன். கட்டணம் கட்ட முடியாத பிள்ளை பள்ளியிலேயே உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் பஸ் ஏறிப் போவதும் எனக்கு ஏற்பில்லை. பயணம் பாடத்தின் பகுதி என்றால் அதன் செலவும் பாடப்புத்தகத்தைப் போலவே எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

இனி உலை. கல்லை உடைத்து, களிமண் சேர்த்து, மாவாக அரைத்து, சுழலும் உலையில் ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸ் வரை சுடுகிறார்கள். உருண்டை உருண்டையாக வெளியே வருவது கிளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஜிப்சம் இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் உடனே இறுகிவிடும். கொத்தனாருக்குப் பூச நேரமிருக்காது. காரையில் காலடியில் மின்னியதும் இதே பொருள்தான் என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உலைக்குள் நடப்பதைப் பள்ளி ஆய்வகத்தில் காட்ட முடியாது. அதன் கணக்கைக் காட்டலாம். 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிராம் கால்சியம் ஆக்ஸைடு மிஞ்சும்; 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடாகப் போய்விடும். எரிபொருளின் புகை இதில் சேராது. கல்லுக்குள் இருந்தது மட்டும் இவ்வளவு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு பவளமும் பாசியும் கடல்நீரிலிருந்து எடுத்துப் பூட்டிவைத்த கரி அது. ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும் என்று சொல்லிவிட்டு, 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்காக எவ்வளவு காற்றில் கலந்தது என்று பிள்ளைகளையே கணக்குப் போடவிடலாம். பிறகு ஒரு சிறு கல்துண்டின்மேல் வினிகரை ஊற்றி, பொங்கும் வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் நீர் பால்போல் ஆகும். அந்தச் சுண்ணாம்பு நீரும் ஒரு காலத்தில் கல்லாக இருந்ததுதான். காலநிலை மாற்றம் எங்கோ பனிக்கரடி நாட்டுச் செய்தி என்று நினைக்கும் பிள்ளைக்கு, தன் வீட்டுத் திண்ணையும் அந்தக் கணக்கில் வருகிறது என்று இங்கே புரியும். அதற்காகத் திண்ணை கட்டுவதே குற்றம் என்று சொல்லிவிடக் கூடாது. ஓட்டைக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்குக் காரை வீடு எவ்வளவு பெரிய விடுதலை என்பதும் அதே பாடத்தின் பகுதி.

சுரங்கக் குழியைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். கைவிடப்பட்ட பழைய குழிகளில் மழைநீர் ஆழமாகத் தேங்கியிருக்கும்; கரை செங்குத்தாக இருக்கும். அவற்றின் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. பார்ப்பதைவிடக் கேட்பதற்குத்தான் அங்கே நிறைய உண்டு. அரியலூர், பெரம்பலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளோடு வாழும் மக்களிடம், தூசி, சாலை, வேலை, நிலத்தை விற்ற பணம் என்னவானது, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்கலாம். ஆலையில் வேலை பார்ப்பவரும், நிலத்தை இழந்தவரும் ஒரே தெருவில் இருப்பார்கள். சில வீடுகளில் இருவரும் ஒருவரே. கனிமம் எடுக்கப்படும் மாவட்டங்களுக்காக 2015இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் மாவட்டக் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தியிருக்கிறது. குத்தகைதாரர் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையோடு ஒரு பங்கை அதற்கும் தர வேண்டும். பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே அந்தப் பணம் செலவாக வேண்டும். நம் ஊரில் அது எதற்குச் செலவானது என்று ஊராட்சி அலுவலகத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்பதைவிட நல்ல குடிமையியல் பயிற்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மூட்டையில் ஏறிய கல் கடைசியில் வந்து சேரும் இடங்களில் ஒன்று பள்ளிக்கூடத்துச் சுவர். பயணம் அங்கேயும் நிற்கவில்லை. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்ஸைடும் உண்டாகிறது. அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி, பல ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில், சுவர் சுண்ணாம்புக்கல்லாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. உலையில் பறிகொடுத்ததில் ஒரு பங்கை அது இப்படித் திரும்பப் பெறுகிறது.

இதைப் பள்ளியிலேயே சோதிக்கலாம். இடித்துப் போட்ட பழைய கான்கிரீட் துண்டு ஒன்றை ஆசிரியர் புதிதாக உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். உள்பகுதி இளஞ்சிவப்பாகும். வெளி விளிம்பு நிறம் மாறாமல் நிற்கும். கார்பனேட் ஆகிவிட்ட பகுதி அது. விளிம்பின் அகலத்தை அளந்து, கட்டடம் எந்த ஆண்டு கட்டியது என்று தெரிந்துகொண்டால் வேகத்தைக் கணக்கிடலாம். இந்த மாற்றம் உள்ளே இருக்கும் கம்பி வரை போய்விட்டால் கம்பியைக் காக்கும் காரத்தன்மை குறையும். ஈரமும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். துரு கம்பியை உப்பவைக்க, காரை பெயர்ந்து விழும். பல பழைய பள்ளிகளின் கூரைகளில் கம்பி வெளியே தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே அறிவியல் வகுப்பு அளந்த மில்லிமீட்டர்களை, சமூக அறிவியல் வகுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த அறையில் கம்பி தெரிகிறது, எங்கே மழைநீர் இறங்குகிறது, கட்டடம் எந்த ஆண்டு எந்த நிதியில் கட்டப்பட்டது என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் தயாரிக்கலாம். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியிருக்கிறது. அதில் பெரும்பான்மையோர் பெற்றோர்கள். குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு மாணவனும் ஒரு மாணவியும் நின்று, கல்லக்குடியில் தொடங்கி, காரை வழியாக, தங்கள் வகுப்பறைக் கூரை வரைக்கும் சொல்லி முடிக்கட்டும். எந்த அறையை முதலில் பழுதுபார்க்க வேண்டும் என்ற தீர்மானம் அன்றைக்கே எழுதப்பட்டு, அதில் இரண்டு பாட ஆசிரியர்களும் கையெழுத்துப் போடட்டும்.